வீட்டோடு முனைவர்

கல்விக்காகத் தலைவன் பிரிந்து போவதைத் தொல்காப்பியர் முறையான ஒரு பிரிவாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓதல், பகை, தூது என்று அகத்திணையியலில் காரணங்களை வரிசையிடும்போது படிப்பைத்தான் முதலில் வைக்கிறார். அதோடு விடவில்லை. அந்தப் பிரிவு மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்று கற்பியலில் கெடுவும் வைத்துவிட்டார். பல்கலைக்கழக மானியக் குழுவில் யாரும் கற்பியல் வரை படித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் 2022இல் வெளியிட்ட முனைவர் பட்ட விதிகளின்படி ஆறு ஆண்டு வரை இழுக்கலாம். மறுபதிவு செய்தால் எட்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பத்து. தொல்காப்பியர் கணக்கில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் படித்துத் திரும்பியிருக்க வேண்டிய காலத்தில், இன்றைக்கு ஒருவர் நெறியாளரின் கையெழுத்துக்காக வராந்தாவில் நிற்கிறார். இலக்கியத்தில் இன்னொரு குறையும் உண்டு. பிரிந்து போன தலைவன் தலைவியிடம் திரும்பி வரும் வழி நெடுகச் சங்கப் புலவர்கள் பாடிவைத்திருக்கிறார்கள். மழை பெய்யும், முல்லை பூக்கும், தேர்ப்பாகனைத் தலைவன் விரட்டு விரட்டு என்று விரட்டுவான். படிப்பு முடிந்த பிள்ளை புத்தக மூட்டையோடு பெற்ற தாயிடம் திரும்பி வருவதற்கு ஒரு திணையும் ஒதுக்கவில்லை. அந்தப் பொறுப்பை எழுமலை போன்ற ஊர்களின் டீக்கடைகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

எழுமலை மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில், மேற்கு மலையடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி. உசிலம்பட்டிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து தேனி ரோட்டைப் பிடித்தால் மதுரைக்குப் போகிற வழியிலேயே காமராசர் பல்கலைக்கழகம் வந்துவிடும். 1966இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் இந்தப் பக்கத்துக்குச் செய்த பெரிய காரியம், முனைவர் பட்டத்தை பஸ் போகிற தூரத்துக்குக் கொண்டுவந்ததுதான். அதனால் ஒரு தெருவில் எம்.ஏ., எம்.ஃபில். இருப்பது இங்கே செய்தியே இல்லை. அப்படி ஒருவர் படிப்பை முடித்து வீட்டோடு வந்துவிட்டால் ஊர் அதை மூன்று கட்டமாக விசாரிக்கும். முதல் மாதம், "என்ன மாப்ள, லீவா?" இரண்டாம் மாதம், "எப்பக் கெளம்புறீக?" மூன்றாம் மாதம் அவரிடம் யாரும் கேட்பதில்லை, அம்மாவிடம் கேட்பார்கள். அம்மா சுருக்கமாக முடித்துவிடுவார்: "சும்மாதேன் இருக்கான்." என் வழக்கு இந்தத் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு. மேற்படிப்பு முடித்து வீட்டுக்கு வந்தவர் சும்மா இருக்கவில்லை. அந்தத் தெருவிலேயே அதிக வேலை பார்க்கிறவர் அவர்தான். சம்பளப் பட்டியலில் அவர் பேர் ஏறவில்லை, அவ்வளவுதான். வீடும் அவருக்கு இரக்கப்பட்டுச் சோறு போடவில்லை. ஆராய்ச்சி முடித்தவருக்கு நேர்முகத் தேர்வு வைக்காமல் உதவித்தொகை கொடுக்கிற ஒரே நிறுவனம் இன்றைய தமிழ்நாட்டில் வீடுதான்.

முதலில் அவர் 'திரும்பி வந்தார்' என்பதையே நிரூபிக்க முடியாது. சென்னையிலோ ஹைதராபாத்திலோ ஏழு வருஷம் இருந்தார் என்று சொல்கிறோம். அரசாங்கத்துக்கு அது தெரியாது. ரேஷன் அட்டையில் அவர் பேர் எழுமலை முகவரியில்தான் இருந்தது, அவர் பங்கு அரிசியும் தவறாமல் வீட்டுக்கு வந்தது. ஆதார் எழுமலை. வாக்காளர் பட்டியல் எழுமலை. தேர்தலுக்கு வந்து விரலில் மை வைத்துக்கொண்டும் போனார். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மதுரை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தது அப்பா. ஆவணங்களின்படி பார்த்தால் அவர் இந்த ஊரை விட்டு ஒரு நாளும் நகரவில்லை. விடுதி அறையில் இருந்ததைத்தான் நீண்ட சுற்றுலா என்று கொள்ள வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அரசாங்கம் தன் குமாஸ்தா வேலையில் பெரும்பகுதியை மக்களின் கைபேசிக்கு மாற்றிவிட்டது. பட்டா மாறுதல், வருமானச் சான்று, வாரிசுச் சான்று, ஆதாரில் தப்பாக விழுந்த இனிஷியல், விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாய் வருகிற பி.எம். கிசானுக்குக் கேஒய்சி, பயிர்க் காப்பீடு, அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் எல்லாம் இப்போது ஆன்லைன். முன்பு தாலுகா ஆபீஸில் ஒரு மேசைக்குப் பின்னால் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவர் செய்த வேலையை இப்போது யார் செய்வது? யார் வீட்டில் எம்.எஸ்சி. இருக்கிறதோ அங்கே போவது. காலையில் பல் தேய்க்கும் முன்பே பெரியப்பா ஒரு மஞ்சள் பையோடு வந்துவிடுவார். பையில் 1987ஆம் வருஷக் கிரையப் பத்திரத்திலிருந்து போன மாதக் கரண்டு பில் வரை இருக்கும். தேவையான ஒரு தாள் மட்டும் இருக்காது. இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழ் விண்ணப்பத்துக்கு 60 ரூபாய் வாங்குகிறார்கள். நாளுக்கு மூன்று விண்ணப்பம் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் மாதம் 5,400 ரூபாய் மதிப்புள்ள வேலையை நம் முனைவர் ஒரு தம்ளர் டீக்குச் செய்து கொடுக்கிறார். அந்த டீயையும் அவருடைய அம்மாதான் போடுகிறார்.

செய்முறையைச் சொல்லாமல் உசிலம்பட்டி வட்டாரத்தின் பொருளாதாரத்தைப் பேச முடியாது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்பது நோட்டில் ஏறியாக வேண்டும். பல வருஷம் கழித்து அந்த நோட்டைப் புரட்டித்தான் திருப்பிச் செய்வார்கள். அந்த மேசையில் உட்கார ஒரு நம்பிக்கையான கையெழுத்து வேண்டும். ஊர்ப் பேர், தகப்பன் பேர், பட்டப்பேர், தாய்மாமன் முறையா பங்காளி முறையா, தொகை எல்லாம் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒரு சுழி விட்டுப்போனால் இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை நின்றுவிடும். மேற்கோள் குறிப்பும் அடிக்குறிப்பும் எழுதிப் பழகியவரைவிட இதற்குப் பொருத்தமான ஆள் யார்? ஆய்வேட்டை நான்கு பேர் படித்தார்கள் என்றால் மொய் நோட்டை முந்நூறு குடும்பம் படிக்கும், அதுவும் ஆழ்ந்து படிக்கும். வருத்தம் என்னவென்றால் கணினியில் மொய் எழுதி உடனுக்குடன் ரசீது அடித்துக் கொடுக்கிற ஆட்கள் இப்போது மண்டபங்களுக்கு வந்துவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு வேலைகளைப் பறிக்கப்போகிறது என்று உலகம் பயப்படும் முன்பே, எழுமலைப் பக்கத்து எம்.ஃபில்.களிடமிருந்து ஒரு பிரிண்டர் மொய் மேசையைப் பறித்துவிட்டது.

இவ்வளவு வேலைக்கும் அரசாங்கம் இவரை எந்தத் தட்டில் வைத்திருக்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. அப்பத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,200 ரூபாய். அம்மாவுக்கு 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை 1,000. கல்லூரி போகிற தங்கைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000. 2024 ஆகஸ்ட்டிலிருந்து தம்பிக்குத் தமிழ்ப் புதல்வன் 1,000. வீட்டிலேயே பெரிய படிப்பு படித்தவருக்கு? வேலையில்லாதோர் உதவித்தொகையில் பட்டதாரிகளுக்கு மாதம் 600 ரூபாய். அதுவும் பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருந்தால், குடும்ப ஆண்டு வருமானம் 72,000ஐத் தாண்டாமல் இருந்தால், மூன்று ஆண்டுக்கு மட்டும். இளங்கலையோடு நிறுத்தியவருக்கும் அதே 600, ஆய்வேடு பைண்டு செய்து கொடுத்தவருக்கும் அதே 600. இத்தனை தொகையும் ஒரே வீட்டுக்கு வருமா என்று விதி தெரிந்தவர்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஒரே வீட்டில் வராவிட்டாலும் ஒரே தெருவில் வருகிறது. அந்தத் தெருவில் அப்பத்தாவின் பாதி மதிப்புதான் எம்.ஃபில்.லுக்கு. அப்பத்தாவின் விண்ணப்பத்தை நிரப்பியதும் எம்.ஃபில்.தான் என்பதை யாரும் குறிப்பெடுக்கவில்லை.

உடனே ஒரு ஆட்சேபணை வரும், எனக்குக் கேட்கிறது. கிடைத்த வேலைக்குப் போகாமல் அரசாங்க வேலைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வீட்டில்தான் இருக்க வேண்டும், இதில் வழக்கு என்ன இருக்கிறது என்பார்கள். கிடைக்கிற வேலையைப் பார்ப்போம். ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கியவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து மூத்த ஆய்வாளரானால் 42,000. பட்டம் வாங்கி முனைவராகிவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும்; அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் தமிழ்நாட்டில் 25,000, வருஷத்துக்குப் பதினோரு மாதம். மானியக் குழு 2019இல் ஒரு வகுப்புக்கு 1,500 வீதம் மாதம் 50,000 வரை தரச் சொல்லியிருக்கிறது. சொன்னதோடு அவர்கள் வேலை முடிந்தது. முடிக்காத படிப்புக்கு 42,000, முடித்த படிப்புக்கு 25,000 என்றால் விவரமானவர் எவரும் ஆய்வேட்டை முடிக்கவே கூடாது. எங்கள் பிள்ளைகள் முடித்துவிடுகிறார்கள், அதுதான் அவர்கள் செய்கிற தப்பு. கௌரவ விரிவுரையாளர் என்ற பதவியில் கௌரவத்தைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே கணக்கிட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நிரந்தர வேலையின் கதை இன்னும் சுவாரசியம். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம், 2021 ஜூலை முதல் அமல் என்று மானியக் குழு 2018இல் விதி போட்டது. பதறிப்போய்ச் சேர்ந்தார்கள். பிறகு அமல் 2023க்குத் தள்ளிப்போனது. 2023 ஜூலையில், நெட் தகுதித் தேர்வில் தேறினாலே போதும், முனைவர் பட்டம் விருப்பம்தான் என்று மாற்றினார்கள். எம்.ஃபில். படித்தவர்கள் நிலை இன்னும் மோசம். 2022 விதி அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு விட்டது. ஆகஸ்ட் 4 தேர்வு என்றார்கள், அது தள்ளிப்போனது. வைகைத் தண்ணீருக்காக 58 கிராமக் கால்வாய் கேட்டுத் தலைமுறைக் கணக்கில் காத்துக் கிடந்த வட்டாரம் இது. ஒரு தேர்வுத் தேதிக்குக் காத்திருப்பது இந்த மண்ணுக்குப் பெரிய பயிற்சி ஒன்றும் இல்லை.

அப்படியானால் குரூப் 4 எழுதட்டுமே? எழுதுகிறார்கள். 2024 ஜூனில் நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடம் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஒரு நாற்காலிக்கு 320 பேருக்கு மேல். பத்தாம் வகுப்பு போதும் என்கிற தேர்வில் முனைவருக்குச் சலுகை எதுவும் கிடையாது. சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்தவரும் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை மறுபடி மனப்பாடம் செய்கிறார். இதைப் பார்த்துப் பத்திரிகைகள் 'கிராம நிர்வாக அலுவலர் பணிக்கு முனைவர்கள் விண்ணப்பம்' என்று அதிர்ச்சியோடு எழுதுகின்றன. அப்பத்தாவுக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை. அவர் அனுபவத்தில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டு எந்தக் காரியமும் நடந்ததில்லை, வி.ஏ.ஓ. கையெழுத்துப் போடாமல் எந்தக் காரியமும் நடந்ததில்லை. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை அப்பத்தா நேரில் பார்த்து எழுதிய ஆய்வேடு அது. காத்திருப்பது முட்டாள்தனம் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் வேலை தேடிக் கிடைக்காதவர்கள் 42 சதவீதம் என்றது. அதே அறிக்கை 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளில் இது 5 சதவீதத்துக்கும் கீழே என்றும் சொன்னது. ஆக எல்லோரும் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். என்ன வேலை, என்ன சம்பளம் என்பது வேறு விஷயம். அந்தப் பத்து வருஷத்தை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. அரசாங்கம் 600 ரூபாயோடு ஒதுங்கிக்கொண்டது. மிச்சத்தை வீடு தாங்குகிறது.

வீடு தாங்கட்டும், ஊருக்கு என்ன வந்தது, அடுத்த வீட்டுப் பிள்ளை எப்போது கிளம்பும் என்று கேட்க இவர்கள் யார் என்று படித்தவர்கள் கோபப்படுகிறார்கள். இந்த இடத்தில் நான் ஊரின் பக்கம். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் ஒரு சாதிக்காரர்கள் எல்லோரையும் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்தது வெள்ளைக்காரன் சட்டம். கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி காவல் நிலையத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அந்தச் சட்டம் 1947இல்தான் போனது. அந்தக் காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட முடியாதவரின் கொள்ளுப்பேரன் இன்றைக்குச் சீட்டு எதுவும் இல்லாமல் டெல்லி வரை போய்ப் படித்துவிட்டு வருகிறான். சாதி எதுவானாலும் இந்தக் கரிசக்காட்டு வீடுகளில் முதல் பட்டம் தனி ஆளின் சம்பாத்தியமாக வருவதில்லை. அத்தை நகையை அடகு வைத்திருப்பார், சித்தப்பா திருப்பூரிலிருந்து பணம் அனுப்பியிருப்பார், வாத்தியார் ஒருவர் பரீட்சைக் கட்டணம் கட்டியிருப்பார். இத்தனை பேர் பங்குபோட்டு வாங்கிய சொத்தைப் பற்றி எப்போது விளையும் என்று பங்குதாரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தை டீக்கடையில் வைக்கிறார்கள், அதுவும் தினமும் வைக்கிறார்கள் என்பதுதான் தொந்தரவு.

அமெரிக்காவில் பதினெட்டு வயதானால் பிள்ளைகள் வெளியே போய்விடுவார்கள் என்று சொல்லும் ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவருக்குச் சில தகவல்கள். 2020 ஜூலையில் அமெரிக்காவில் 18 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் 52 சதவீதம் பேர் பெற்றோரில் ஒருவரோடாவது இருந்தார்கள் என்று பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. கொரோனா காலம்தான், ஆனால் அதற்கு முந்தைய பிப்ரவரியிலேயே அது 47. ஐரோப்பாவில் 2022 கணக்குப்படி பின்லாந்துப் பிள்ளைகள் சராசரியாக 21 வயதில் வீட்டை விட்டுப் போகிறார்கள், குரோஷியாவில் 33 தாண்டுகிறது. இத்தாலியில் பாவியா நகரத்து அம்மா ஒருவர், நாற்பது வயதைத் தொட்ட இரண்டு மகன்களை வெளியேற்றக் கோர்ட்டுக்குப் போய் 2023இல் தீர்ப்பும் வாங்கினார். எழுமலையில் அப்படி ஒரு வழக்கு வராது. வந்தாலும் அம்மாவின் மனுவை அந்த மகன்தான் டைப் அடித்துக் கொடுப்பான்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் மகன்களின் கதை. மகள் எம்.எஸ்சி. முடித்து வந்தால் என் வாதம் தடுமாறுகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மகனுக்குக் காத்திருக்கப் பத்து வருஷம் கொடுக்கிற வீடு மகளுக்குப் பத்து மாதம் கொடுக்க யோசிக்கும். அவர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும் ஊர்க் கணக்கில் வரன் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் அர்த்தம். விண்ணப்பம் நிரப்புகிற வேலை அவருக்கும் உண்டு. கூடவே அடுப்படியும் உண்டு. அவர் இருக்கிற வீட்டில் மூன்றாம் மாதம் 'சும்மாதேன் இருக்கா' என்று சொல்வதற்கு உண்மையிலேயே தைரியம் வேண்டும். பெண்ணின் படிப்புக்கு ஒரு படி மேலாவது மாப்பிள்ளை படித்திருக்க வேண்டும் என்று தேடுகிறார்கள். எம்.ஃபில். பெண்ணுக்கு முனைவர் மாப்பிள்ளை வேண்டும் என்கிறார்கள். முனைவர் மாப்பிள்ளை இருக்கிறார், மூன்று தெரு தள்ளி, வீட்டோடு. அவருக்கு வேலை இல்லை என்று சம்பந்தம் தட்டிப்போகிறது. தன் வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பியதும், இந்தப் பெண்ணின் ஜாதகத்தை வரன் தேடும் தளத்தில் ஏற்றியதும் ஒருவேளை அந்த முனைவரேதான்.

ஆகவே ஊராருக்கு ஒரு கோரிக்கை மட்டும். வீட்டோடு இருக்கிற முனைவரிடம் வேலை கொண்டு போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன் அவர் தேர்வுக்குப் படிக்கிற நேரம். ரேஷன் அட்டை, ஆதார், இரண்டு போட்டோ எல்லாவற்றையும் அசலோடு கொண்டு போங்கள். இ-சேவை மையத்தில் கொடுக்கிற 60 ரூபாயை இங்கேயும் கொடுங்கள், வேண்டாம் என்றாலும் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். ஓ.டி.பி. வருகிற போனை மருமகனிடம் கொடுத்து மதுரைக்கு அனுப்பிவிட்டு மட்டும் போகாதீர்கள்.